மேனேஜருக்கு விட்டுக்கொடுத்த மைல்

என் விசாவில் நான் கொத்தனார். கரணையைக் கையில் பிடித்து ஒரு செங்கல்லுக்குக் கலவை பூசியவன் இல்லை. கம்பெனிக்கு அந்த வருடம் ‘மேசன்’ விசாதான் மிச்சம் இருந்தது என்று சென்னை ஏஜென்ட் என்னை அதில் ஏற்றி அனுப்பிவிட்டார். துபாயில் வந்து இறங்கியதும், இவனுக்கு இங்கிலீஷ் எழுதப் படிக்கத் தெரிகிறதே என்று டைம் கீப்பர் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். யார் எத்தனை மணிக்கு சைட்டுக்கு வந்தான், யாருக்கு ஓவர்டைம், யாருக்கு உடம்பு சரியில்லை என்று நாள் முழுக்க எழுதுகிற வேலை. வேலையைக் குறை சொல்ல முடியாது. பாஸ்போர்ட்டைத் திறந்தால் மட்டும் கொத்தனார்.

கல்யாணம் ஆகும்வரை இது எனக்கு உறைக்கவில்லை. நாற்பத்தைந்து நாள் லீவில் போய்க் கல்யாணம் முடித்துவிட்டு வந்தேன். மனைவியைக் கூட்டிவரலாம் என்று விசாரித்தபோதுதான் தெரிந்தது, கொத்தனார் விசாவில் இருப்பவனுக்கு ஃபேமிலி விசா கிடைக்காது. முதலில் விசாவில் தொழிலை மாற்ற வேண்டும். அதற்குக் கம்பெனி ஒரு லெட்டர் தரவேண்டும். லெட்டரில் ப்ராஜெக்ட் மேனேஜர் கையெழுத்துப் போட்டால்தான், அரசாங்க ஆபீஸ்களுக்கு அலைகிற பி.ஆர்.ஓ. அதைக் கையால் தொடுவார். இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில் நடந்தது இது. லெட்டரை நானே டைப் அடித்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கையெழுத்து மட்டும் பாக்கி.

வெள்ளிக்கிழமைதோறும் போன் கார்டு போட்டு ஊருக்குப் பேசுவேன். மனைவி நலம் விசாரிப்பதற்கு முன்பே கேட்பாள்.

“லெட்டரைக் குடுத்துட்டீங்களா?”

“பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“எதைப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?”

மேனேஜரின் மூடைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லீவு லெட்டரோ, பாஸ்போர்ட் கேட்கிற லெட்டரோ, எதுவானாலும் நேரே போய் நீட்டமாட்டோம். முதலில் ஆபீஸ் பாயிடம் மூட் எப்படி என்று கேட்போம். காலையிலேயே யாரையாவது திட்டியிருந்தால் அன்றைக்கு வேண்டாம். தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்திருந்தால் அந்த வாரமே வேண்டாம். இப்படி மூட் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் மேனேஜர் அமெரிக்கர். ஐம்பதை நெருங்கும் வயது, ஒடிசலான உயரமான உடம்பு. ஃபோர்மேன் துணையில்லாமல் தனியாக சைட்டைச் சுற்றிவருவார் என்பதால் ஆட்களுக்கு அவரிடம் பயம். எனக்கும் பயம்தான். அவர் என்னை முதன்முறை கேபினுக்குக் கூப்பிட்டதற்குக் காரணம் ஒரு பிக்கப் வண்டி. வருகைத்தாள் கட்டை அதில் மறந்து வைத்துவிட்டேன், வண்டி தலைமை அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டது. டிரைவர் பாகிஸ்தான் பட்டாண்காரர், பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டுவார். கத்திப் பிரயோஜனமில்லை. சேஃப்டி ஷூவோடு பின்னாலேயே ஓடினேன். கேட்டைத் தாண்டி, ரவுண்டபவுட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பிடித்துவிட்டேன். திரும்பி வந்தால், மேனேஜர் கேபினுக்கு வரச் சொல்கிறார் என்றான் ஆபீஸ் பாய். சைட்டில் ஓடக்கூடாது என்று எங்கள் சேஃப்டி ஆபீசர் நான்கு மொழிகளில் போர்டு எழுதி மாட்டியிருந்தார். வார்னிங் லெட்டர்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

அவர் பேசியது ஆங்கிலம். எனக்கு நினைவிருப்பதைத் தமிழில் எழுதுகிறேன்.

“எண்ணூறா, ஆயிரத்தைந்நூறா?” என்று கேட்டார்.

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. ஓட்டத்தின் தூரத்தைக் கேட்கிறார் என்று பிறகுதான் விளங்கியது. நான் ஊரைவிட்டு வந்து அத்தனை வருடத்தில் என்னிடம் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. ஆயிரத்தைந்நூறு மீட்டரில் மாவட்டத்தில் முதல், மாநிலத்தில் மூன்றாவது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஏதாவது வேலை கிடைக்கும் என்று மூன்று வருடம் காத்திருந்து, கிடைக்காமல், சான்றிதழ்களைத் தகரப் பெட்டியில் போட்டுவிட்டு விமானம் ஏறியவன். சைட்டில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்?

“ஆயிரத்தைந்நூறு, சார்.”

“நினைச்சேன். ஓடும்போது உன் கை பக்கவாட்டுல ஆடவே இல்லை. நான் மைல் ஓட்டக்காரன்.”

அப்படித்தான் தொடங்கியது. எங்கள் சைட் துபாயின் ஓரத்தில், கிஸைஸைத் தாண்டி இருந்தது. மண்ணைக் கொட்டி, ரோலர் ஓட்டி, இறுக்கிச் சமன் செய்துவிட்டு, வரைபடத்துக்கு அனுமதி வராமல் ஒரு பெரிய பகுதியைச் சும்மா போட்டிருந்தார்கள். சர்வேயரைக் கூப்பிட்டு, கட்டடத்துக்கு வைக்கிற கருவியை வைத்தே நானூறு மீட்டர் நீள்வட்டம் ஒன்றை அளந்து சுண்ணாம்புத்தூள் போடச் சொன்னார் மேனேஜர். ஐந்து மணிக்கு டியூட்டி முடியும். நான் தங்கியிருந்த அஜ்மானுக்குப் போகிற பஸ் ஆறேகாலுக்குத்தான் கிளம்பும். நடுவில் இருக்கிற நேரத்தில் இருவரும் ஓடினோம். வெள்ளிக்கிழமை தவிர தினமும், நான்கு மாதம்.

ஓடி முடித்ததும் அவருக்கு ஒரு பழக்கம். என் கழுத்தில் இரண்டு விரலை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து நாடித் துடிப்பை எண்ணுவார். பிறகு தன் கழுத்தில் வைத்து எண்ணுவார். “நீ இன்னும் முழுசா ஓடல” என்பார், இல்லாவிட்டால் “இன்னைக்குப் பரவாயில்லை” என்பார். அவரிடமிருந்து ஒரு ‘பரவாயில்லை’ வாங்கிவிட்டால் அஜ்மான் போய்ச் சேரும்வரை டிராஃபிக் எனக்கு வலிக்காது.

மெதுவாக ஓடும் நாட்களில் அவர் தன் ஊரைப் பற்றிப் பேசுவார். சோளம் விளைகிற ஊர். ஒரே ஒரு சிக்னல். ஒரு பள்ளிக்கூடம், ஒரு இரும்புக்கடை, தானியம் சேர்த்து வைக்கிற உயரமான சிமென்ட் உருளைகள். பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம் அவர் மாநில அளவில் மைல் ஓட்டத்தில் ஜெயித்திருக்கிறார். அன்றைக்கு ஊரில் கடை எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, மஞ்சள் பஸ்களில் ஏறி மொத்த ஊரும் பார்க்கப் போனதாம். திரும்பும்போது ஊர் எல்லையிலிருந்து அவரைத் தீயணைப்பு வண்டியின் மேல் நிற்கவைத்துக் கூட்டிவந்தார்களாம். தண்ணீர்த் தொட்டியில் அவர் பெயரை எழுதினார்களாம்.

“எங்க ஊர்ல தண்ணீர்த் தொட்டியில கட்சிக்காரன் பேருதான் எழுதுவான், சார்” என்றேன். சிரித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விஷயம். கல்லூரிக்குப் போய், முழங்கால் கெட்டு, ஊருக்குத் திரும்பி இரும்புக்கடையில் சேர்ந்திருக்கிறார். அவர்களுடைய சுதந்திர தினத்துக்கு வருடாவருடம் ஊர்க்காரர்களுக்குள் ஒரு மைல் ஓட்டம் உண்டு. அதில் பதினோரு வருடம் இவர்தான் முதல். காலை இழுத்துக்கொண்டு ஓடிய வருடமும் முதல். கடைசி வருடம், தன்னைவிட நன்றாக ஓடக்கூடிய ஒருவன் பாதித் தூரத்தில் திரும்பித் திரும்பிப் பார்த்து வேகத்தைக் குறைப்பதைக் கவனித்துவிட்டார். அப்புறம் யோசித்துப் பார்த்தால் எல்லா வருடமும் அதுதான். ஊரே கூடிப் பேசி வைத்துக்கொண்டது மாதிரி விட்டுக்கொடுத்திருக்கிறது.

“பிரியத்துலதானே சார் செஞ்சாங்க?” என்றேன்.

“பிரியத்துலதான். அதனாலதான் சண்டைகூடப் போட முடியல. ஊரை விட்டுக் கிளம்பிட்டேன்.”

அந்தச் சுற்றை முடித்தோம். பிறகு சொன்னார். “நீ யாருன்னு எனக்குத் தெரியாது, நான் யாருன்னு உனக்குத் தெரியாது. அதான் உன்கூட ஓடப் பிடிக்குது.”

புரிகிறது சார் என்றேன். உண்மையிலேயே புரிந்தது. புரியாமல் செய்த தவறாக இருந்தால் இத்தனை வருடம் கழித்து என்னை இப்படி அரிக்காது.

குளிர்காலத்தில், கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப்பின் விளையாட்டு தினம் வந்தது. கயிறு இழுத்தல், வாலிபால், கிரிக்கெட் எல்லாம் வழக்கம். அந்த வருடம் மேனேஜர் ஒன்றைச் சேர்த்தார். எங்கள் சுண்ணாம்பு வட்டத்தில் ஒரு மைல் ஓட்டம், யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். அறிவிப்பை ஒட்டிவிட்டு என்னிடம் வந்தார். “என் வயசுல பாதிதான் உனக்கு. நீதான் ஜெயிப்ப. ஆனா சும்மா விடமாட்டேன்” என்றார். சம்பளம் வந்த நாளில் எங்கள் ஆட்கள் முகத்தில் இருக்கிற வெளிச்சம் அவர் முகத்தில் இருந்தது.

அஜ்மானில் என் ரூமில் மூத்தவர் ஒரு காயல்பட்டினத்துக்காரர். துபாய் சத்வாவில் தையல்காரர்களுக்கு நூல், லைனிங், பட்டன் விற்கிற கடை. வாடகை குறைவு என்று அஜ்மானில் தங்கி தினமும் போய்வருவார். அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், ரூமில் எல்லோருக்கும் அவர் காக்காதான். மேனேஜரோடு ஓட்டப்பந்தயம் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“லெட்டர்ல கையெழுத்து வாங்கிட்டியளா தம்பி?”

“இன்னும் இல்ல காக்கா.”

“நாலு மாசமா கூடவே ஓடுறிய.”

“ஓடும்போது எப்படி காக்கா லெட்டரை நீட்டுறது?”

“அப்ப சரி. நாலாயிரம் பேர் பாக்க அந்த மனுசனைத் தோக்கடிச்சிட்டு மறுநாள் போயி நீட்டுங்க. நல்லா போடுவாரு கையெழுத்து.”

நாலாயிரம் பேர் இல்லை, முந்நூறு பேர் இருந்திருப்பார்கள். ஆனால் சொன்னது எனக்குள் இறங்கிவிட்டது. அவர் தப்பான மனிதர் அல்ல. முப்பது வருடம் மூட் பார்த்து மூட் பார்த்தே கடையை நிலைநிறுத்தியவர். மறுநாள் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறவரும் அதையே வேறு வார்த்தைகளில் சொன்னார். “கப் வாங்கின சந்தோஷத்துல இருப்பாரு. சூட்டோட சூடா நீட்டிடு.” மேனேஜர் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், என் புத்தி அந்தப் பக்கமே போனது. ஒரு கையெழுத்துக்காக நான் எதை எடைபோடுகிறேன் என்று என்மேலேயே எரிச்சலாக இருந்தது. வெள்ளிக்கிழமை போனில் மனைவி, “இந்த வருசமாவது நடக்குமா, இல்லையான்னு சொல்லிடுங்க. நானும் ஒரு முடிவுக்கு வர்றேன்” என்றாள். அவள் சொன்ன முடிவு என்ன என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த நிமிடத்தில் தீர்மானித்துவிட்டேன்.

ஓட்டத்துக்கு ஒன்பது பேர் நின்றோம். இரண்டாவது சுற்றிலேயே ஆறு பேர் பின்தங்கிவிட்டார்கள். கம்பி கட்டுகிற நேபாளக்காரர் ஒருவர் வெறுங்காலோடு மூன்றாவது சுற்று வரைக்கும் ஒட்டிக்கொண்டு வந்தார். கடைசிச் சுற்று நானும் மேனேஜரும்தான். அவருடைய மூச்சு என் தோளுக்குப் பின்னால் கேட்டது. கால்கள் கேட்டன, ‘போகட்டுமா’ என்று. அத்தனை வருடத்தில் என் உடம்பு அவ்வளவு நன்றாக இருந்ததில்லை. நான்கு மாதமாக அந்த மனிதரே தயார் செய்த உடம்பு. வளைவு முடிந்து நேர்கோடு வந்ததும், வேகத்தை ஒரு நூல் குறைத்தேன். நிறைய வேண்டியிருக்கவில்லை. அவர் என்னைத் தாண்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, விரட்டுகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, நான்கடி பின்னால் வந்து சேர்ந்தேன்.

ஆட்கள் தகர டப்பாக்களைத் தட்டினார்கள். விசில் பறந்தது. மேனேஜர் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றார், நிமிர்ந்தார், இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். சிரித்தபடி என்னிடம் வந்து தோளில் தட்டினார். பழக்க தோஷத்தில் இரண்டு விரலை என் கழுத்தில் வைத்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

அதை நான் மறந்தே போயிருந்தேன். முகத்தை மாற்றி வைக்கலாம், மூச்சைக்கூடக் கொஞ்சம் இரைக்கலாம். நாடியை என்ன செய்வது? அவர் எண்ணிக்கொண்டே இருந்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் எண்ணினார். முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. விரலை எடுத்துக்கொண்டார். ‘பரவாயில்லை’ வரவில்லை. தன் கழுத்தில் வைத்துப் பார்க்கவும் இல்லை. பரிசு கொடுக்கும்போது கப்பை வாங்கி, மூன்றாவதாக வந்த நேபாளக்காரர் கையில் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். எல்லோரும் அவருடைய பெருந்தன்மையைப் பாராட்டிக் கை தட்டினார்கள். இரண்டாவது பரிசு எனக்கு ஒரு இஸ்திரிப் பெட்டி.

மறுநாள் லெட்டரை நீட்டினேன். ஆமாம், நீட்டினேன். இவ்வளவு கேவலப்பட்ட பிறகு அதையும் விடுவானேன் என்ற வீம்பு. அவர் முழுவதும் படித்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். கம்பெனி முத்திரையையும் அவரே குத்தினார்.

“இதுக்காகவா?”

முத்திரையின் ஈர மையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இது எத்தனை நாளா உன்கிட்ட இருக்கு?”

“அஞ்சு மாசம், சார்.”

“தினமும் பக்கத்துலயே ஓடுன. கேட்டிருந்தா அன்னைக்கே போட்டிருப்பேன்.” லெட்டரை என் பக்கம் தள்ளினார். “கடைசி நூறு மீட்டர் நான் நம்பிட்டேன், தெரியுமா? உண்மையாவே உன்னைப் பிடிச்சிட்டேன்னு நம்பிட்டேன்.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். டியூட்டிக்குப் போ என்றார்.

அதோடு ஓட்டம் நின்றது. ஐந்து மணிக்கு நான் ஷூவை மாற்றிக்கொண்டு போய் நின்று பார்த்தேன், இரண்டு மூன்று நாள். அவர் வரவில்லை. அனுமதி வந்து, பைலிங் மெஷின்கள் உள்ளே இறங்கி, வட்டம் இருந்த இடத்தில் குழி தோண்டினார்கள். அடுத்த கோடைக்கு முன்பே அவர் தோஹாவுக்கு மாற்றலாகிப் போனார். போகிற அன்று எல்லோருக்கும் கை கொடுத்தார். எனக்கும் கொடுத்தார், மற்றவர்களுக்குக் கொடுத்த அதே மாதிரி.

கையெழுத்து ஐந்து நிமிடத்தில் கிடைத்தது, அதற்குப் பிறகு விசாவில் தொழில் மாற ஒன்பது மாதம் ஆனது. இன்று வா நாளை வா, இந்த ஃபோட்டோ சரியில்லை, அந்தத் தாளில் அரபி மொழிபெயர்ப்பு இல்லை. அந்த ஒன்பது மாதத்தில் நான் ஒரு அடி ஓடவில்லை. சாயங்காலம் ஆறேகால் வரை பஸ்ஸிலேயே உட்கார்ந்து, கேன்டீன் பரோட்டாவைப் பிய்த்துத் தின்றுகொண்டிருப்பேன். பேன்ட் இரண்டு சைஸ் ஏறியது.

அவள் வந்து சேர்ந்தாள். அஜ்மானில் ஒரு சின்ன ரூம் எடுத்திருந்தேன். வந்த இரண்டாவது வாரம், இஸ்திரிப் பெட்டி ஏது என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்காகத் தோற்றேன் என்று சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அவள் துணி மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

“நான் கேட்டது கையெழுத்து. தோத்துட்டு வாங்கன்னு கேட்டேனா?”

“உனக்காகத்தான…”

“என் தலையில போடாதீங்க. அவர்கிட்ட வாயைத் திறந்து கேக்க பயம். அதுக்கு நான் சாக்கா?”

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அவள் என்னைக் கல்யாணத்துக்கு முன்பே பார்த்திருக்கிறாள். மாவட்டப் போட்டியில் அணிவகுப்புக்காக அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வெயிலில் நிற்கவைத்திருந்தார்களாம். கடைசிச் சுற்றில் மூன்று பேரைத் தாண்டி நான் ஓடியதை அவள் பார்த்திருக்கிறாள். ஜாதகம் வந்தபோது, இவன்தானா என்று கேட்டுவிட்டுச் சரி என்றிருக்கிறாள். இதை அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னாள், கோபத்தில்.

இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடற்கரைக்கு, கார்னிஷுக்குப் போனோம். ஈர மணல் இறுகிக் கிடந்தது. பலூன்காரர் நின்ற இடத்தைக் காட்டி, “அங்கன வரைக்கும் ஓடிட்டு வாங்க. நான் பாக்குறேன்” என்றாள். சமாதானம் என்று எனக்குப் புரிந்தது. செருப்பைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடிக்கிறவன் மாதிரி ஓடினேன். கையை ஆடவிடாமல், முன்பாதத்தில் எழும்பி, இருந்ததை எல்லாம் போட்டு ஓடினேன். பலூன்காரரைத் தொட்டுத் திரும்பும்போது விலா பிடித்துக்கொண்டது. அப்படியும் விடவில்லை.

வந்து நின்றதும் அவள் செருப்பைக் கீழே போட்டாள். முகத்தில் சமாதானம் இல்லை.

“எங்கிட்டயும் மெதுவா ஓடிக் காட்டாதீங்க.”

குனிந்து நின்றேன். அதுதான் என்னால் ஓட முடிகிற வேகம் என்று அவளிடம் சொல்ல எனக்கு மூச்சு வரவில்லை.